கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க: செல்லப்பிராணிக்குச் சொல் பழக்குவது எப்படி?

பிஸ்கட் டப்பாவின் மூடிச் சத்தத்தை எந்த நாய்க்கும் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் மூடி 'டப்'பென்று திறந்தால் போதும், பின்கட்டில் தூங்குகிற நாய் எழுந்து ஓடிவந்துவிடுகிறது. அதே நாயைப் பெயர் சொல்லி நாலு முறை கூப்பிட்டால் ஒரு காதைக்கூட அசைக்காது. காரணம் எளிது. டப்பா ஒருநாளும் பொய் சொல்வதில்லை. மூடி திறந்தால் பிஸ்கட் உண்டு. பெயரைக் கூப்பிட்டால் என்ன கிடைக்கும் என்று நாய்க்குத் தெரியாது. சில நேரம் கொஞ்சல், சில நேரம் திட்டு, பல நேரம் ஒன்றுமே இல்லை.

புதிதாக நாயோ பூனையோ வளர்க்கத் தொடங்கியவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய அடிப்படை இதுதான். பிராணி நம் சொல்லைக் கவனிப்பதைவிட, அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதைத்தான் கவனிக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாமே அந்தத் தொடர்பை உண்டாக்கவும், உண்டானதைக் கெடுக்காமல் காப்பாற்றவும்தான்.

முதல் படி: ஏற்கெனவே என்ன தெரியும்?

உடனே பயிற்சியில் இறங்க வேண்டாம். சில நாள் சும்மா கவனியுங்கள். ஒரு தாளில் இடப்பக்கம் சத்தத்தையும் வலப்பக்கம் அதற்கு அடுத்து நடப்பதையும் எழுதுங்கள். சாவிக்கொத்து, வெளிக்கதவின் தாழ்ப்பாள், குளிர்சாதனப் பெட்டிக் கதவு, செருப்பு மாட்டும் சத்தம், வீட்டு வண்டியின் இன்ஜின் (பக்கத்து வீட்டு வண்டிக்கு எழாது, உங்கள் வண்டிக்கு மட்டும் எழும்), மடிக்கணினியை மூடும் சத்தம். பட்டியல் நீளமாகவே வரும். கனடாவில் 2022இல் வெளியான ஓர் ஆய்வில், நாய் வளர்ப்பவர்கள் கொடுத்த கணக்குப்படி ஒரு நாய் சராசரியாக 89 சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் ஏதோ ஒரு வகையில் பதில் காட்டியது. குறைந்தது 15, அதிகம் 215. வளர்ப்பவர்களே சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் பாசமும் கலந்திருக்கும். அதைக் கழித்துப் பார்த்தாலும் கணிசமான எண்ணிக்கைதான்.

அடுத்து ஒரு சோதனை. பெர்லினில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்றிருந்தது. கேள்வி கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1907இல் ஆஸ்கர் ஃபூங்ஸ்ட் என்ற ஆய்வாளர் ரகசியத்தைக் கண்டுபிடித்தார். சரியான எண் வந்ததும் கேள்வி கேட்பவரின் தலையும் உடம்பும் அவருக்கே தெரியாமல் லேசாக அசைந்தன. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. நம் வீட்டிலும் இது தினமும் நடக்கிறது. "உட்கார்" என்று சொல்லும்போது கை தானாக மேலே போகிறது, உடம்பு கொஞ்சம் குனிகிறது. நாய் பார்ப்பது கையை.

ஆகவே முதுகைத் திருப்பிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, சாதாரணக் குரலில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். நாய் விழித்துக்கொண்டு நின்றால் அதற்குச் சொல் தெரியவில்லை, சைகை தெரிகிறது என்று பொருள். அப்புறம் அதே ராகத்தில் "மேசை" என்று சொல்லுங்கள். அதற்கும் உட்கார்ந்தால், உங்கள் குரலின் ஏற்ற இறக்கத்துக்குத்தான் அது இவ்வளவு நாளும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுமே கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது

இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் செலவழித்தால் பின்னால் மாதக்கணக்கில் மிச்சமாகும். தமிழில் கட்டளைகள் கொடுப்பவர்கள் வழக்கமாக எடுக்கும் மூன்று சொற்களைப் பாருங்கள்: எடு, விடு, படு. மூன்றும் இரண்டெழுத்து, மூன்றும் 'டு'வில் முடிகின்றன. நமக்கு எதிரும் புதிருமான பொருள், நாய்க்கு ஏறக்குறைய ஒரே சத்தம். புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2020இல் நாய்களின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தபோது, தெரிந்த சொல்லையும் அதில் ஒரே ஓர் ஒலி மட்டும் மாறிய போலிச் சொல்லையும் நாய்கள் பிரித்தறிந்ததாகத் தெரியவில்லை. சற்றும் தொடர்பில்லாத சொல்லை மட்டும் பிரித்தறிந்தன. ஆகவே 'விடு'வை வைத்துக்கொண்டால் மற்ற இரண்டையும் மாற்றிவிடுங்கள். 'எடு'வுக்குப் பதில் 'கொண்டா', 'படு'வுக்குப் பதில் 'டவுன்' என்று வைத்தால் காதில் தனித்தனியாக விழும். 'இரு', 'இறங்கு' ஜோடியிலும் இதே தொல்லை உண்டு. நாயின் பெயர் ஜோ என்றால் 'நோ' வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. நாம் நாள் முழுக்கப் பேசுகிற சொற்களையே கட்டளையாகவும் வைத்துவிடுகிறோம். தொலைபேசியில் "இரு, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறோம். குழந்தையிடம் "சாப்பிட வா" என்கிறோம். நாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நூறு 'வா'வில் தொண்ணூற்றைந்து தனக்கு இல்லை என்று தெரிந்தால், மீதி ஐந்தையும் அது விட்டுவிடும். அதனால் அவசரத்துக்குக் கூப்பிடும் சொல்லாக, வீட்டில் வேறு எதற்கும் பயன்படாத ஒன்றை எடுங்கள். எந்த மொழியாக இருந்தாலும் சரி. பொருளே இல்லாத சொல்லும் பரவாயில்லை.

வீட்டில் எல்லோரும் ஒரே வடிவத்தைச் சொல்ல வேண்டும். அப்பா "உட்கார்", அம்மா "உக்காரு", பிள்ளைகள் "சிட்", தாத்தா "உக்கார்றா டேய்" என்றால் நாய்க்கு அது நாலு சத்தம். முடிவான சொற்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். தொடக்கத்தில் ஐந்தாறு போதும். பெயர், கூப்பிடு சொல், உட்கார், விடு, இரு, 'இரு'விலிருந்து விடுவிக்கும் ஒரு சொல். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் மறக்கிறார்கள். எப்போது எழலாம் என்று சொல்லாவிட்டால் நாய் தானே முடிவு செய்துகொள்ளும்.

பெயர்

பெயர் என்பது "என்னைப் பார், நல்லது வரப்போகிறது" என்ற அறிவிப்பு. அமைதியான அறையில், பிராணி வேறு எதிலும் மூழ்காமல் இருக்கும்போது பெயரை ஒரு முறை சொல்லுங்கள். தலை திரும்பியதும் ஒரு சிறு தீனித் துண்டு. ஒரு தடவைக்கு ஏழெட்டு முறை, நாளைக்கு இரண்டு மூன்று தடவை. தலை திரும்பாவிட்டால் மறுபடி மறுபடி சொல்லாதீர்கள். நாக்கைச் சொடுக்கியோ காலைத் தட்டியோ திரும்ப வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் தொடங்குங்கள்.

திட்டும்போது பெயரைச் சேர்க்காதீர்கள். வீட்டில் இது ஒன்றைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. செருப்பைக் கடித்துக் குதறியிருப்பதைப் பார்த்தவுடன் வாயில் முதலில் வருவது பெயர்தான்.

சரி என்று சொல்லும் சத்தம்

உட்கார் என்கிறீர்கள், நாய் உட்காருகிறது. நீங்கள் பையில் கைவிட்டுத் துழாவி, உறையைப் பிரித்து, துண்டை எடுத்து நீட்டுகிறீர்கள். அதற்குள் நாய் எழுந்து நின்று உங்கள் பையை முகர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது நீங்கள் பரிசு கொடுத்தது உட்கார்ந்ததற்கு அல்ல, எழுந்து பையை முகர்ந்ததற்கு. பெரும்பாலான பயிற்சிகள் இந்த இரண்டு மூன்று விநாடியில்தான் கெடுகின்றன.

இதற்குத்தான் கிளிக்கர். கையடக்கமான சின்னக் கருவி, அழுத்தினால் 'க்ளிக்' என்று எப்போதும் ஒரே மாதிரி ஒலிக்கும். சரியான செயல் நடந்த நொடியில் க்ளிக், அப்புறம் நிதானமாகத் தீனி. "நீ இப்போது செய்தாயே, அதற்குத்தான்" என்று அந்தச் சத்தம் குறித்துவிடுகிறது. கிளிக்கர் இல்லையென்றால் 'யெஸ்' போல ஒரு குட்டிச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம். முதலில் எதையும் கேட்காமல் பத்துப் பதினைந்து முறை சத்தம், தீனி, சத்தம், தீனி என்று கொடுங்கள். சத்தம் கேட்டதும் பிராணி உங்கள் கையைத் தேடினால் தயார். ஒரு நிபந்தனை: க்ளிக் செய்தால் தீனி கொடுத்தே ஆக வேண்டும், தவறுதலாக அழுத்தியிருந்தாலும். பயந்த சுபாவமுள்ள பூனைக்குக் கிளிக்கரின் சத்தம் முரட்டுத்தனமாக இருக்கும். அதற்குப் பொத்தான் அழுத்தும் பால்பாயிண்ட் பேனாவே போதும்.

கூப்பிட்டால் வருவது

எல்லாக் கட்டளையிலும் உயிர் காக்கக்கூடியது இது ஒன்றுதான். ஆகவே சிறந்த தீனியை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டடி தூரத்திலிருந்து ஆரம்பியுங்கள். சொல்லை ஒரு முறை, உற்சாகமாகச் சொல்லிவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் நகருங்கள். நகர்கிற ஆளைத் துரத்துவது நாய்க்குச் சுகம். வந்ததும் க்ளிக், தாராளமாகத் தீனி. பிறகு தூரத்தை அறைக்கு அறை கூட்டுங்கள், அதன்பின் நீளக் கயிறு கட்டி வெளியே. பிடித்துவைத்துக்கொள்ளாமல், "போ, விளையாடு" என்று மறுபடி விட்டுவிடுவது இதில் முக்கியமான பகுதி. கூப்பிட்டால் விளையாட்டு முடிந்துபோகும் என்று நாய் கற்றுக்கொண்டால் அடுத்த முறை தூரத்திலேயே நின்று உங்களைக் கணக்குப் போடும்.

அந்தச் சொல்லால் எதற்குக் கூப்பிடக் கூடாது? குளிப்பாட்ட, நகம் வெட்ட, மருந்து கொடுக்க, கட்டிப்போட, திட்ட. இவற்றுக்கெல்லாம் நீங்களே நடந்துபோய் அழைத்து வாருங்கள். நல்ல சொல் ஒன்று கெட்டுப்போக இரண்டு மூன்று குளியல் போதும். கெட்டுவிட்டால் அதைச் சரிசெய்ய மெனக்கெடுவதைவிட, புதுச் சொல் ஒன்றை எடுத்து முதலிலிருந்து தொடங்குவது வேகமாக நடக்கும்.

விசில் இங்கே பெரிய உதவி. அதில் கோபமோ களைப்போ பதற்றமோ ஏறாது, யார் ஊதினாலும் ஒரே சத்தம், தூரம் போகும். ஊதும் முறையிலும் விஷயம் உண்டு. விலங்கு நடத்தை ஆய்வாளர் பட்ரிசியா மெக்கனல், பல மொழி பேசும் பயிற்றுநர்கள் நாய், குதிரை முதலியவற்றை அழைக்கும் ஒலிகளைப் பதிவுசெய்து ஒப்பிட்டார். விலங்கை விரைவுபடுத்த எல்லோரும் குட்டையான ஒலிகளைத் திரும்பத் திரும்ப எழுப்பினார்கள். சாந்தப்படுத்தவும் வேகத்தைக் குறைக்கவும் ஒரே நீளமான ஒலி. கைதட்டல், 'ச்சு ச்சு ச்சு', நாக்குச் சொடுக்கு எல்லாம் முதல் வகை. "ஆ...ஆம்... இரு..." என்று இழுப்பது இரண்டாம் வகை. ஓடுகிற நாயைப் பார்த்து "நில்லு நில்லு நில்லு" என்று அடுக்கிக் கத்தினால் ஒலியின் கணக்குப்படி "இன்னும் ஓடு" என்று ஊக்குவிக்கிறோம்.

சைகையிலிருந்து சொல்லுக்கு

சொல்லையும் சைகையையும் ஒரே நேரத்தில் காட்டினால் நாய் சைகையை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்லை விட்டுவிடும். வரிசையை இப்படி வையுங்கள்: முதலில் சொல், ஒரு விநாடி அசையாமல் இருங்கள், பிறகு சைகை. பலமுறை செய்ததும் சைகை வருவதற்கு முன்பே, அந்த ஒரு விநாடி இடைவெளியிலேயே நாய் உட்கார்ந்துவிடும். அந்த முறை மட்டும் தீனி இரட்டிப்பு.

கூடத்தில் கற்றதை நாய் தெருவில் மறந்துவிட்டது போலத் தோன்றும். அது மறதி இல்லை. கூடம், நீங்கள் நிற்கும் பக்கம், தரையின் வழவழப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது பாடமாகப் படித்திருக்கிறது. ஒவ்வொரு புது இடத்திலும் எளிய நிலையிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் முன்னைவிட விரைவாகப் பிடித்துக்கொள்ளும்.

குரலும் சொல்லும்

"நாய்க்குக் குரல்தான் தெரியும், சொல் தெரியாது" என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. 2016இல் ஹங்கேரியில் அட்டிலா அண்டிக்ஸ் குழுவினர் 13 நாய்களை எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பாராட்டுச் சொற்களையும் வெற்றுச் சொற்களையும் கொஞ்சும் குரலிலும் தட்டையான குரலிலும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். மகிழ்ச்சிக்கான மூளைப் பகுதிகள் துலங்கியது, பாராட்டுச் சொல்லும் பாராட்டும் குரலும் ஒன்றாக வந்தபோதுதான். உங்கள் பாராட்டுச் சொல்லை எரிச்சலான குரலில் சொன்னால் அது பாராட்டாகப் போய்ச் சேராது.

எத்தனை சொல் கற்கும் என்பதற்கு மேல்வரம்பு தேடுபவர்கள் சேசர் என்ற பார்டர் கோலியைச் சொல்வார்கள். உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி பழக்கிய அந்த நாய் 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்துவந்தது. அதற்குப் பின்னால் மூன்று ஆண்டுகள், தினமும் மணிக்கணக்கான பயிற்சி இருந்தது. உங்கள் நாய் ஆறு சொல்லை எங்கேயும் எப்போதும் கேட்டால் அதுவே நல்ல வாழ்க்கைக்குப் போதும்.

பூனைக்கு வேறு கணக்கு

ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, பூனைகளுக்குத் தங்கள் பெயர் தெரியும் என்று காட்டியது. ஒரே நீளமுள்ள நாலு சொற்களைக் கேட்டுச் சலித்துப்போன பூனைகள், ஐந்தாவதாகத் தங்கள் பெயர் வந்ததும் காதையும் தலையையும் அசைத்தன. எழுந்து வந்தவை மிகச் சில. ஆகவே பூனை வளர்ப்பவர் தேட வேண்டிய பதில் காதின் நுனியில் இருக்கிறது. காது உங்கள் பக்கம் சுழன்றால் கேட்டுவிட்டது என்று பொருள். வருவதும் வராததும் அதன் விருப்பம், அல்லது உங்கள் கையில் இருப்பதைப் பொறுத்தது.

வரவழைக்கச் சுலபமான வழி, அது ஏற்கெனவே ஓடிவரும் சத்தத்தின் மேல் புதுச் சத்தத்தை ஏற்றுவது. நீங்கள் தேர்ந்த கூப்பிடு ஒலியை எழுப்புங்கள், ஒரு விநாடி கழித்துத் தீனி டப்பாவைக் குலுக்குங்கள். நாள் போகப்போக டப்பாவைக் குலுக்காமல் பாருங்கள். நாயின் காதுக்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும், பூனைக்கு 64,000 வரைகூட. நமக்கு 20,000தான். அதனால் 'ப்ஸ் ப்ஸ்' போன்ற கீச்சு ஒலி பூனையின் காதைச் சட்டென்று பிடிக்கும். விருந்தாளி எவ்வளவு குழைந்து கூப்பிட்டாலும் பூனை அசையாவிட்டால் அவர் மனம் நோக வேண்டாம். 2022இல் பிரான்சில் நடந்த சிறிய ஆய்வில், பூனைகள் தங்கள் வீட்டுக்காரர் கொஞ்சு குரலுக்கு மாறியதைக் கவனித்தன, அந்நியர் மாறியதைப் பொருட்படுத்தவில்லை.

கிளி, முயல், மற்றவை

கிளி இனங்களுக்குக் கூட்டத்தோடு குரல் கொடுத்துக்கொண்டே இருப்பது இயல்பு. நீங்கள் வேறு அறைக்குப் போனதும் கத்தத் தொடங்கினால் அது "எங்கே இருக்கிறாய்?" என்ற கேள்வி. ஒரு விசிலையோ சொல்லையோ நிலையான பதிலாக வைத்து, அது மென்மையாகக் கூப்பிடும்போதெல்லாம் பதில் கொடுங்கள், கத்தும்போது கொடுக்காதீர்கள். பேசக் கற்றுக்கொடுக்க, ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் தன் அலெக்ஸ் என்ற சாம்பல் கிளிக்குச் செய்ததைச் செய்யலாம். கிளியின் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் பொருளைக் காட்டிக் கேட்க, மற்றவர் பெயர் சொல்லி அதை வாங்கிக்கொள்வார். பார்த்துக்கொண்டிருந்த அலெக்ஸ் அந்த வழியில் நூறுக்கும் மேற்பட்ட பெயர்களைக் கற்றது.

கினி பன்றிகளுக்குப் பயிற்சியே வேண்டாம். கீரை எடுக்கும் பையின் சரசரப்பைச் சில நாளில் பிடித்துக்கொண்டு 'வீக் வீக்' என்று கூச்சலிடும். முயலிடம் தாழ்ந்த குரலில், மெதுவாகப் பேசுங்கள். மீன் தொட்டியின் கண்ணாடியைத் தட்டாதீர்கள்.

பயமுறுத்தும் சத்தங்கள்

பிராணி எந்தச் சத்தத்துக்கு ஒளிகிறது என்பதையும் முதலில் எழுதிய பட்டியலில் சேருங்கள். இடி, வெடி போன்றவை நமக்கும் தெரியும். தெரியாமல் போவது புகை எச்சரிக்கைக் கருவியில் பேட்டரி தீரும்போது அவ்வப்போது வரும் 'கீச்'. நமக்கு வெறும் எரிச்சல், பல நாய்களுக்கு நடுக்கம். காரணமின்றி மூச்சிரைத்தாலோ மூலையில் ஒடுங்கினாலோ வீட்டில் இப்படி ஏதாவது ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

பழக்க வேண்டுமானால் அந்தச் சத்தத்தின் பதிவை, பிராணி கவனிக்கும் ஆனால் பதறாத அளவுக்கு மெல்லியதாக வைத்து, ஒலித்த உடனே தீனி கொடுத்து, நாட்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பதறினால் கூட்டியது அதிகம், குறைத்துவிடுங்கள்.

வயதான பூனை, அலுமினியத் தாளின் சரசரப்புக்கோ பீங்கான் கிண்ணத்தில் கரண்டி படும் ஒலிக்கோ உடம்பு வெட்டி இழுத்துக்கொண்டால் அது பயம் இல்லை. ஒலியால் தூண்டப்படும் வலிப்பு அது. முடிந்தால் கைபேசியில் படம் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து உண்டு.

காது கேட்காவிட்டால்

நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த பிராணி திடீரென்று "அடம்பிடிக்கத்" தொடங்கினால் திட்டுவதற்கு முன் காதைச் சோதியுங்கள். தூங்கும்போது, காற்றோ தரையதிர்வோ படாத தூரத்தில் நின்று சாவியைக் குலுக்கிப் பாருங்கள். முதுமையில் செவி மந்தமாவது சகஜம். டால்மேஷியன் நாய்களிலும் நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகளிலும் பிறவியிலேயே கேட்காமல் இருப்பது அதிகம்.

இப்படிப்பட்ட பிராணிக்கும் மேலே சொன்ன எல்லாமே பொருந்தும், ஒலி மட்டும் மாறும். க்ளிக்குக்குப் பதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாம். கூப்பிட, விளக்கை ஒரு முறை அணைத்துப் போடலாம், அல்லது தரையைக் காலால் தட்டலாம். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல், மூக்கின் அருகே தீனியை நீட்டி மணத்தால் எழுப்புங்கள். நாய்க்கு ஏழெட்டு வயதாகும்போதே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கைச்சைகையைப் பக்கத்தில் பழக்கிவைத்தால், காது போகும் நாளில் புதிதாக எதுவும் கற்க வேண்டியிருக்காது.